பாட்டுத்தாளைப் புத்தகப் பக்கத்தில் சேர்ப்பது எப்படி?

வளைகுடாவில் வளரும் எங்கள் பிள்ளைகள் பலர் பியானோ, வயலின் வகுப்புகளில் ஐந்து கோட்டு மேற்கத்தைய இசைக்குறியை வாசிக்கப் பழகிவிடுகிறார்கள். தமிழ்ப் பாட்டு மட்டும் அவர்களிடம் கேள்வி ஞானமாகவே வருகிறது. ஒளிவிழாவுக்கோ கலைவிழாவுக்கோ பாட்டுப் புத்தகம் அடிக்கும்போது சொற்களோடு இசைக்குறியும் இருந்தால் மெட்டு தொலையாது. இது புதிய முறையல்ல. சென்னையில் ஏ. எம். சின்னசாமி முதலியார் 1893இலேயே கர்நாடக இசை உருப்படிகளை ஐரோப்பிய இசைக்குறியில் அச்சிட்டார். கமகத்தை அது முழுதாகக் காட்டாது. மெட்டின் எலும்புக்கூட்டைக் காட்டும்.

இசைக்குறி எழுத மியூஸ்ஸ்கோர் என்ற இலவச மென்பொருள் போதும். பக்கம் அமைக்க இன்டிசைன், அல்லது இலவசமான ஸ்கிறைபஸ்.

அளவு: புத்தகத்தின் அளவை முதலில் தீர்மானியுங்கள். ஏ5 தாளின் அகலம் 148 மி.மீ. இரு பக்கமும் 14 மி.மீ. ஓரம் விட்டால் 120 மிஞ்சும். மியூஸ்ஸ்கோரிலும் பக்க அகலத்தை 120 ஆக வையுங்கள். ஏ4இல் எழுதிப் பிறகு ஏ5க்குச் சுருக்கினால் எல்லாம் 71 சதவீதமாகும். 10 புள்ளி எழுத்து 7 புள்ளியாகிவிடும். அம்மம்மாவால் வாசிக்க முடியாது.

எழுத்து: எங்களிடம் உள்ள பழைய பாட்டுகளில் பல பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்யப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். முதலில் யுனிகோட்டுக்கு மாற்றுங்கள். இன்டிசைனில் பந்தி அமைப்பில் 'வேர்ல்ட் ரெடி கம்போசர்' தெரிவு செய்யாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறும். ஸ்கிறைபஸ் 1.4 வரிசையிலும் அதே தொல்லை; 1.6ஐப் பாவியுங்கள்.

சேர்த்தல்: திரையைப் படம்பிடித்து ஒட்டவேண்டாம், அச்சில் கோடுகள் பிசிறடிக்கும். மியூஸ்ஸ்கோரிலிருந்து பீடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்து, இன்டிசைனில் 'பிளேஸ்' கட்டளையால் 100 சதவீத அளவில் வையுங்கள். திரையில் மங்கலாகத் தெரிந்தாலும் பயமில்லை. அது முன்னோட்டம் மட்டுமே. ஸ்கிறைபஸில் படச் சட்டத்துக்குள் வைத்து, இறுதி பீடிஎஃப் எடுக்கும்போது உட்பதிக்கும் தெரிவை இயக்குங்கள். இல்லாவிட்டால் அது படமாக மாறிவிடும். பீடிஎஃப் வழி சரிவராவிட்டால் குறைந்தது 600 டீபிஐ உள்ள பிஎன்ஜி படம் எடுக்கலாம்.

சரிபார்ப்பு: ஒரு பக்கத்தை அச்சிட்டு, பாடுபவர் ஒருவரிடம் கொடுத்துப் பாடச் சொல்லுங்கள். அசையும் சுரமும் நேராக நிற்கின்றனவா என்பது அப்போது தெரியும். திருத்தத்தை மியூஸ்ஸ்கோரில் செய்து அதே பெயரில் மீண்டும் ஏற்றுமதி செய்தால், இன்டிசைனில் இணைப்பைப் புதுப்பித்தாலே போதும்.

கடைசியாக ஒன்று. இங்கே எங்கள் வீசா வேலையோடு கட்டப்பட்டது. இந்த வருடம் டுபாயில் புத்தகம் செய்தவர் அடுத்த வருடம் ரொறன்ரோவில் இருக்கலாம். அச்சுக்குப் போன பீடிஎஃப் மட்டும் மிஞ்சினால், அது பற்றுச்சீட்டுகள் இல்லாத ஐந்தொகை போன்றது. பார்க்கலாம், திருத்த முடியாது. ஆகவே மியூஸ்ஸ்கோர் மூலக்கோப்பு, மியூசிக் எக்ஸ்எம்எல் பிரதி, யுனிகோட் பாடல் வரிகள், எழுத்துரு, பக்கக் கோப்பு ஆகிய ஐந்தையும் ஒரே உறையில் இட்டு, வெவ்வேறு நாட்டில் உள்ள இரண்டு பேரிடமாவது கொடுத்து வையுங்கள்.