அஞ்சடியும் மின்வண்டியும்

மின்சாரத்தால் ஓடும் வாகனம் சிங்கப்பூருக்குப் புதிது என்றே நம்மில் பலரும் எண்ணுகிறோம். வரலாறு வேறு கூறுகிறது. 1905ஆம் ஆண்டிலேயே இந்நகரச் சாலைகளில் மின்சார டிராம் வண்டிகள் ஓடின. 1926இல், மேலே கட்டிய கம்பியிலிருந்து மின்சாரம் பெறும் டிராலி பேருந்துகள் வந்தன. அடுத்த ஆண்டில் டிராம்கள் நின்றன. 1962 டிசம்பரில் டிராலி பேருந்துகளும் விடைபெற்றன. ஆக, 57 ஆண்டுகள் மின்வண்டியில் பயணம் செய்த ஊர் இது.

அவ்வண்டிகளால் நகரின் பொது இடங்கள் பெற்ற பயன் யாது என்பதே நாம் இங்கு ஆராய விழைவது. டிராம்களுக்கு மின்சாரம் அளித்த நிலையம் தேக்காவை அடுத்த மெக்கன்சி சாலையில் இருந்தது. 1906 முதல் நகராட்சி அந்நிலையத்திலிருந்தே மின்சாரம் வாங்கித் தெருவிளக்குகளை எரித்தது. வண்டிக்கென வந்த மின்சாரம், வண்டியேறக் காசில்லாமல் நடந்து சென்றவருக்கும் ஒளி தந்தது.

நடப்பவருக்கான பொது அமைப்பு அதற்கும் முந்தியது. கட்டடங்களின் முன்புறம் கூரையுடைய தொடர்வழி அமைய வேண்டும் என்பது 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தின் விதிகளுள் ஒன்று. அவ்வழியே நம் வழக்கில் 'அஞ்சடி' ஆயிற்று. மலாய் மொழியில் அது 'காக்கி லீமா'. தமிழில் 'அடி' என்னும் சொல் பாதத்தையும் அளவையும் குறிக்கும். மலாய்ச் சொல்லாகிய 'காக்கி'யும் அவ்வாறே. இருவேறு மொழிக் குடும்பங்களைச் சேர்ந்த இச்சொற்கள் இரண்டிலும், கட்டடத்தின் அளவோடு நடப்பவரின் பாதமும் சேர்ந்தே பதிந்துள்ளது. வழியின் அகலம் இடத்துக்கிடம் மாறியபோதும் பெயர் மாறவில்லை.

இன்று மின்வாகனம் மீண்டும் வருகிறது. 2030க்குள் 60,000 மின்னூட்டு முனைகளை நிறுவுவது சிங்கப்பூரின் இலக்கு. அவற்றுள் 40,000 பொதுக் கார் நிறுத்துமிடங்களில் அமையவிருக்கின்றன. மின்னூட்டுச் சாதனம் வெறும் கருவிதானே, அதற்குக் கட்டடக்கலை எதற்கு என்று சிலர் வினவக்கூடும். கருவி சிறிதுதான், ஆயினும் அது நிற்கும் நிலம் பொதுநிலம். கார் இல்லாத குடும்பங்கள் நம் வீடமைப்புப் பேட்டைகளில் ஏராளம். பொதுநிலத்தில் எழும் புதிய அமைப்பு அவர்களுக்கு எதையும் தராவிடில், 1906ஆம் ஆண்டின் தெருவிளக்கைவிட நாம் பின்தங்கியவர்களாவோம்.

இதற்கு வழியும் நம்மிடமே உண்டு. ரயில் நிலையங்களைச் சுற்றிக் கூரையுடைய நடைபாதைகளை விரிவுபடுத்தும் திட்டம் 2013இல் அறிவிக்கப்பட்டது. 2018க்குள் கூடுதலாக 200 கிலோமீட்டர் என்பது அதன் இலக்கு. அவற்றை இக்கால அஞ்சடிகள் எனலாம். மின்னூட்டு இடத்தின் கூரையை இந்நடைபாதையோடு இணைக்கலாம். கூரைமேல் சூரியத் தகடுகளையும் கீழே இருக்கையையும் விளக்கையும் அமைக்கலாம். அப்போது மின்வாகனத்துக்கென எழுப்பும் கூரை, மழையில் பேருந்துக்கு நடக்கும் முதியவருக்கும் உதவும்.

மாணவர்கள் ஒரு பணி மேற்கொள்ளலாம். தத்தம் புளோக்கிலிருந்து அருகிலுள்ள மின்னூட்டு இடம் வரையிலும், பேருந்து நிறுத்தம் வரையிலும் நடந்து, கூரையுள்ள தொலைவு எவ்வளவு, இல்லாத தொலைவு எவ்வளவு என்று தங்கள் அடிகளால் அளந்து குறித்து வரட்டும். அக்குறிப்பைக் கொண்டு, நம் பேட்டைகள் யாரை எண்ணி அமைகின்றன என்பதை வகுப்பில் விவாதிக்கலாம்.