வண்டி மையும் பென்சில் கரியும்

மாட்டுவண்டிக்கு மை போடுவாங்கங்கறது பட்டணத்துல இருக்குற உங்கள்ல பல பேருக்குத் தெரிஞ்சிருக்காது. பொன்னேரிப் பக்கம் நாங்க கட்டை வண்டி ஓட்டின காலத்துல, எங்க தாத்தா வைக்கோலைக் கருக்கிப் பொடி பண்ணி, விளக்கெண்ணெயில குழைச்சு, ஒரு மூங்கில் குழாயில வச்சிருப்பார். வண்டியிலேயே தொங்கும். அச்சுல அதைப் பூசலைன்னா கொஞ்ச தூரத்துலயே சக்கரம் கத்த ஆரம்பிச்சிடும். பழவேற்காட்டுக் குப்பங்கள்லேர்ந்து கருவாடு ஏத்திக்கிட்டு மணல்ல வர்ற வண்டின்னா கேக்கவே வேணாம், மை இல்லாட்டி மாடு நாக்குத் தள்ளிடும்.

கரிதான் வழுக்குதுன்னு ஊர்ல சொல்வாங்க. அது பாதிதான் சரி. வைக்கோல் கரி தானா வழுக்காது. வேலை செய்யுறது விளக்கெண்ணெய். அது ஒழுகிப் போகாம கெட்டியாப் பிடிச்சு வைக்குறதுதான் கரியோட வேலை. எண்ணெயே இல்லாம தானே வழுக்குற கரி வேற ஒண்ணு இருக்கு. பென்சிலுக்குள்ள இருக்குதே, கிராபைட், அதுதான்.

அதோட கதைக்கும் பழவேற்காட்டுக்கும் தூரத்து உறவு உண்டு. 1613-ல் டச்சுக்காரங்க இங்க ஜெல்டிரியா கோட்டையைக் கட்டினாங்க. வெடிமருந்து ஆலையும் வச்சிருந்தாங்க. வெடிமருந்துக்கு வெடியுப்பு, கந்தகத்தோட கரியும் வேணும். அது சாதாரண மரக்கரி. அதே டச்சுக் கம்பெனி 1658-ல் யாழ்ப்பாணத்தைப் பிடிச்சது. இலங்கை மலைகள்ல கிராபைட் இருக்குன்னு 1675-ல் எழுதி வச்சவர் அவங்க ஆளுநர் ரைக்லோஃப் வான் கூன்ஸ். ஆனா அது பெருந்தொழிலா வளர்ந்தது 19-ஆம் நூற்றாண்டுல, வெள்ளைக்காரன் ஆட்சியில. இரும்பு உருக்குற மூசைக்கும் இயந்திர மசகுக்கும் உலகமே இலங்கைக் கரியைத் தேடிச்சு. அந்த நாட்டோட முதல் பிரதமர் சேனநாயக்கா குடும்பம் பணக்காரக் குடும்பமானதே கிராபைட் சுரங்கத்தாலதான். நம்ம பக்கத்துல சிவகங்கையில கிடைக்குது, அரசோட டாமின் நிறுவனம் வெட்டி எடுக்குது.

எண்ணெய் இருக்கும்போது பொடி எதுக்குன்னு கேக்கலாம். எண்ணெயில தூசி ஒட்டும், சூளை மாதிரி சூட்டுல அது எரிஞ்சே போயிடும். கிராபைட் தாங்கும். அதுல கார்பன் அணுக்கள் அப்பளம் அடுக்கின மாதிரி தட்டுத் தட்டா இருக்கு. தட்டுக்கும் தட்டுக்கும் நடுவுல பிடிப்பு கம்மி. அதனாலதான் வழுக்குதுன்னு ரொம்ப நாள் நினைச்சாங்க. ரெண்டாம் உலகப் போர்ல விமானங்கள் ரொம்ப உயரத்துக்குப் போனப்ப, ஜெனரேட்டர்ல உரசுற கரித் துண்டுங்க கொஞ்ச நேரத்துலயே பொடிப்பொடியா உதிர்ந்தது. காரணத்தை ஜெனரல் எலக்ட்ரிக்கில் வேலை பார்த்த சாவேஜ் 1948-ல் எழுதினார்: கிராபைட் வழுக்க காத்துல ஈரம் வேணும். மேல ஈரம் இல்ல.

நம்ம ஏரிக்கு அந்தாண்ட ஸ்ரீஹரிகோட்டா இருக்குல்ல? 1971-லேர்ந்து அங்க ராக்கெட் விடுறாங்க. விண்வெளியில காத்தே கிடையாது, ஈரத்துக்கு எங்க போறது? அதனால செயற்கைக்கோள் பேரிங்குக்கு வெறும் கிராபைட் ஆகாது. உலர் மசகுன்னா அங்க பெரும்பாலும் மாலிப்டினம் டைசல்பைடு. அதுவும் கறுப்புப் பொடிதான், பார்த்தா கரி மாதிரியே இருக்கும், ஆனா கார்பன் இல்ல.

அப்போ ஈரத்துக்குப் பஞ்சமே இல்லாத நம்ம ஏரியில கிராபைட் ராஜா மாதிரி ஓடணுமே? அங்கதான் உப்பு குறுக்க வருது. கிராபைட்டும் அலுமினியமும் ஒட்டிக்கிட்டு உப்புத் தண்ணியில நனைஞ்சா, அது ஒரு பேட்டரி ஆயிடும். அதுல கரைஞ்சு போறது அலுமினியம். போட்டு இன்ஜினோட கூடு அலுமினியம்தானே!

கோட்டைக்குப்பத்து நண்பர் ஒருத்தர், யாரோ சொன்னாங்கன்னு கிராபைட் கிரீஸை இன்ஜின்ல தடவிட்டார். சில மாசத்துல பேரிங் உக்காருற இடத்தைச் சுத்தி வெள்ளையாப் பூத்து, குழி விழுந்துடுச்சு. மத்த போட்டெல்லாம் இறால் சீசன்ல ஓடுறப்ப அவர் போட்டு பத்து நாள் கரையில கிடந்தது. வட்டிக்காரன் பத்து நாள் பொறுப்பானா? இப்ப அவர் போடுறது கிராபைட் கலக்காத, கடல்தண்ணிக்குன்னே வர்ற கிரீஸ். கரைக்கு வந்ததும் முதல் வேலையா ரெண்டு குடம் நல்ல தண்ணி ஊத்திக் கழுவுறார்.