அறுபத்திரண்டு கன்றுகளும் ஒரு நாடும்

அண்மைக் காலம்வரை கப்பல் வடம், வைக்கோல் கட்டும் கயிறு, தரைவிரிப்பு ஆகியவற்றுக்கு உலகெங்கும் பயன்பட்ட நார் சிசால். நம் ரயில் பாதையோரங்களில் நீங்கள் காணும் ஆனைக்கற்றாழையின் இனத்தைச் சேர்ந்த செடி இதைத் தருகிறது. ஒரு காலத்தில் இந்த நாரை உலகிலேயே மிகுதியாக விளைவித்தது கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா. இன்றைய டான்சானியாவின் பெரும்பகுதி.

செடி வந்த கதை

சிசாலின் தாயகம் மெக்சிகோ. அங்குள்ள ஒரு துறைமுகத்தின் பெயரே நாருக்கும் பெயராயிற்று. 1893-ஆம் ஆண்டில், டாங்கனிக்கா ஜெர்மானியர் ஆட்சியில் இருந்தபோது, ரிச்சர்டு ஹிண்டார்ஃப் என்ற வேளாண் அறிஞர் அமெரிக்காவின் புளோரிடாவிலிருந்து 1,000 கன்றுகளை வரவழைத்தார். நெடிய கடல் பயணத்தில் பெரும்பாலானவை மடிந்தன. பிழைத்தவை 62 மட்டுமே!

அறுபத்திரண்டு போதுமா என்று கேட்கலாம். போதும். சிசால் பெரும்பாலும் விதையால் பெருகுவதில்லை. பல ஆண்டுகள் வளர்ந்தபின் ஒரே முறை நெடிய பூந்தண்டு விடும், பூக்கள் உதிர்ந்த இடங்களில் நூற்றுக்கணக்கான குட்டிக் கன்றுகள் முளைக்கும், தாய்ச்செடி பட்டுப்போகும். மழை குறைந்த நிலத்திலும் அது தாக்குப்பிடிக்கும். ஆகவே டாங்கா, பாங்கனி வட்டாரங்களில் விரைவில் பெருந்தோட்டங்கள் எழுந்தன.

வயலுக்குள் ஆலை

வெட்டிய இலையை ஓரிரு நாள்களுக்குள் எந்திரத்திலிட்டு, சதையை நசுக்கிச் சுரண்டி, நாரைப் பிரித்தாக வேண்டும். இலை உலர்ந்துவிட்டால் சதை நாரோடு ஒட்டிக்கொள்ளும். எனவே ஆலை தோட்டத்தின் நடுவிலேயே நின்றது. வயலிலிருந்து ஆலைக்குச் சிறு தண்டவாளங்கள் ஓடின. இத்தனை முதலீடு சிறு உழவனால் ஆகுமா? சிசால் கம்பெனிகளின் பயிராக வளர்ந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இலையை வெட்டியவர்கள் தொலைதூர மாவட்டங்களிலிருந்து குடும்பத்தை விட்டு வந்த கூலியாட்கள். முள் நுனி குத்தும். சாறு தோலை அரிக்கும். 1950-களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் இத்தொழிலை நம்பி வாழ்ந்தனர்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் பிலிப்பைன்ஸைக் கைப்பற்றியதும் மணிலா நார் வரத்து நின்றது. சிசாலின் மதிப்பு ஏறியது. 1961-இல் டாங்கனிக்கா விடுதலை பெற்றபோது அதன் ஏற்றுமதியில் முதலிடம் சிசாலுக்கே. 1964-இல் விளைச்சல் சுமார் 2,30,000 டன் என்ற உச்சத்தைத் தொட்டது.

ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த போட்டி

1954-இல் இத்தாலியில் ஜூலியோ நாட்டா என்ற வேதியியலறிஞர் பாலிப்ரொப்பிலீனைச் சீரான கட்டமைப்போடு உருவாக்கினார். 1963-இல் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். எண்ணெய்த் தொழிலின் துணைப்பொருளிலிருந்து கிடைக்கும் இதன் அடர்த்தி நீரைவிடக் குறைவு. ஆகவே இதனால் திரித்த கயிறு மிதக்கும்; நீரை உறிஞ்சாது; மக்காது. கப்பலுக்கும் பண்ணைக்கும் வேறென்ன வேண்டும்?

சிசாலின் விலை சரிந்தது. நட்ட செடி முதல் வெட்டுக்கு வரவே இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். நல்ல விலையை நம்பி நட்டவர், வீழ்ந்த விலைக்கு வெட்ட நேர்ந்தது. 1967-இல் அருஷா பிரகடனத்துக்குப்பின் அரசு பல தோட்டங்களை ஏற்றது. பிற்காலத்தில் மீண்டும் தனியாரிடம் விட்டது. 1990-களின் இறுதியில் விளைச்சல் உச்ச அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். கூலியாட்களோ நாட்டா என்ற பெயரைக் கேள்விப்பட்டே இருக்கமாட்டார்கள்!

மீதி 96 பங்கு

இங்கே ஒரு சிறு கணக்குப் போடுவோம். இலையின் எடையில் நார் 4 விழுக்காடு மட்டுமே. அப்படியானால் 2,30,000 டன் நாருக்கு ஏறத்தாழ 57 லட்சம் டன் இலை வெட்டப்பட்டிருக்க வேண்டும். 55 லட்சம் டன் கழிவாகப் போயிற்று. பெரும்பாலும் குவித்துக் கொட்டப்பட்டது, அல்லது ஓடைநீரைக் கெடுத்தது.

அந்தக் கழிவும் ஒரு பொருளே. காற்றுப் புகாத கலத்தில் பாக்டீரியாக்கள் அதைச் சிதைத்தால், சாண எரிவாயுவைப் போலவே மீதேன் கிடைக்கும். இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் டாங்கா அருகே ஹேல் தோட்டத்தில் அப்படியொரு மின்நிலையம் சோதனையாக அமைந்தது.

ஒரே பயிரை, அதிலும் நூற்றுக்கு நான்கு பங்கை மட்டுமே நம்பிய தொழிலை எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்துப் புதுப்பொருள் சாய்த்துவிட்டது. மற்ற 96 பங்கை அன்றே ஆராய்ந்திருந்தால், வீழ்ச்சியின்போது அந்தத் தொழிலாளர் குடும்பங்களுக்கு வேறொரு பிடிமானம் கிடைத்திருக்கக்கூடும். உங்கள் ஊர் ஆலையிலும் நாள்தோறும் எதைக் கொட்டுகிறார்கள் என்று ஒருமுறை பார்த்து வாருங்கள்.