கணக்கில் வராத ஒரு வருஷம்

வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தால் ஊரில் தனி மரியாதை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். 1958-ல் நியூயார்க்கிலிருந்து ரோமுக்குத் திரும்பிய சட்ட மாணவி ஒருவருக்கு அப்படி நடக்கவில்லை. அவர் பெயர் சோஃபியா கொர்ராதி. வயது இருபத்து மூன்று. கையில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் முதுகலைப் பட்டம், ஒப்பீட்டுச் சட்டத்தில்.

அவர் அமெரிக்கா போனது ஃபுல்பிரைட் ஸ்காலர்ஷிப்பில். அந்த ஸ்காலர்ஷிப்புக்குப் பணம் எப்படி வந்தது என்பதே காமர்ஸ் படிப்பவர்கள் ரசிக்கக்கூடிய கதை. இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது அமெரிக்க ராணுவத்தின் லாரிகள், உணவு, தளவாடங்கள் எல்லாம் உலகம் முழுக்கக் கிடந்தன. திருப்பிக் கொண்டுபோனால் கப்பல் கூலி கட்டாது. அங்கேயே விற்கலாம் என்றால் வாங்கும் நாடுகளிடம் டாலர் இல்லை. செனட்டர் வில்லியம் ஃபுல்பிரைட் ஒரு வழி சொன்னார். அந்தந்த நாட்டுப் பணத்திலேயே விலையை வாங்கிக்கொள்வோம், அதை மாணவர்களையும் ஆசிரியர்களையும் பரிமாறிக்கொள்ளச் செலவு செய்வோம் என்றார். 1946-ல் சட்டமானது. வராத கடனைப் படிப்பாக வசூல் செய்த ஏற்பாடு!

சரி, கொர்ராதிக்கு வருவோம். ரோமின் சாபியென்ஸா பல்கலைக்கழகத்தில் அவருடைய சட்டப் படிப்பு இன்னும் முடியவில்லை. சில தேர்வுகள்தான் பாக்கி. கொலம்பியாவில் படித்ததை அந்தத் தேர்வுகளுக்கு ஈடாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று பல்கலைக்கழக அலுவலகத்தில் போய்க் கேட்டார். மற்ற மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்க அங்கிருந்த ஊழியர் அவரைத் திட்டி அனுப்பினார். கொலம்பியா என்ற பெயரையே அந்த மனிதர் கேள்விப்பட்டதில்லை. அமெரிக்காவில் ஊர் சுற்றிவிட்டு வந்து பட்டம் கேட்கிறாயா என்கிற தோரணை. கொர்ராதி பிற்காலப் பேட்டிகளில் இந்தச் சம்பவத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். கடைசியில் பாக்கித் தேர்வுகளை ரோமிலேயே எழுதித்தான் பட்டம் வாங்கினார்.

(அரியர் எழுத கவுண்டரில் வரிசையில் நின்றவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை :-) )

அந்த ஊழியரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை என்பதையும் சொல்லவேண்டும். இத்தாலியில் பட்டத்துக்குச் சட்ட மதிப்பு உண்டு. எந்தப் பட்டத்துக்கு எந்தப் பாடங்கள் என்பதை அரசு விதிகள் முடிவு செய்தன. வேறொரு நாட்டில் எழுதிய தேர்வைக் கணக்கில் சேர்க்க அந்த விதிகளில் இடமில்லை. அவர் கத்தாமல் மறுத்திருக்கலாம், அவ்வளவுதான். இது கொர்ராதிக்குப் புரிந்ததுதான் பெரிய விஷயம். அவருக்குக் கோபம் ஆள் மேல் வரவில்லை, விதியின் மேல் வந்தது.

அறுபதுகளில் இத்தாலியப் பல்கலைக்கழகத் தலைவர்களின் மாநாட்டுக்கு அறிவியல் ஆலோசகராக அவருக்கு வேலை கிடைத்தது. பல்கலைக்கழகத் தலைவர்கள் எல்லோரும் அடிக்கடி சந்திக்கும் இடம் அது. இதைவிட நல்ல இடம் அவருக்குக் கிடைத்திருக்காது. ஒரு மாணவன் வெளிநாட்டில் படிக்கும் காலம் அவனுடைய சொந்தப் பட்டப்படிப்பின் பகுதியாகவே எண்ணப்பட வேண்டும், இதுதான் அவருடைய ஒரே கோரிக்கை. குறிப்பு எழுதினார், அச்சடித்தார், பார்ப்பவர் கையிலெல்லாம் கொடுத்தார். 1969-ல் ஒரு பல்கலைக்கழகச் சீர்திருத்த மசோதாவில் அது ஒரு விதியாகவும் இடம்பெற்றது. ஆனால் மசோதா சட்டமாகவில்லை.

அதற்கப்புறம் வேலை மெதுவாகத்தான் நடந்தது. 1976 பிப்ரவரியில் ஐரோப்பியச் சமூகத்தின் கல்வி அமைச்சர்கள் ஒரு தீர்மானம் போட்டார்கள். இரண்டு நாட்டுப் பல்கலைக்கழகத் துறைகள் சேர்ந்து கூட்டுப் பாடத்திட்டம் நடத்தினால் கொஞ்சம் பணம் கிடைக்கும். சின்ன அளவுதான், ஆனால் பத்து வருஷம் ஓடி, இது சாத்தியம் என்று காட்டியது.

பெரிய திட்டம் வந்தபோது இரண்டு முட்டுக்கட்டைகள். முதலாவது பணம், அது எப்போதும் உள்ளதுதான். இரண்டாவது வினோதமானது. ஐரோப்பியச் சமூகத்தை உண்டாக்கிய ரோம் ஒப்பந்தத்தில் பல்கலைக்கழகக் கல்வி பற்றிப் பேச்சே இல்லை. தொழிற்பயிற்சி பற்றி 128-வது பிரிவு மட்டும் இருந்தது. (ஒப்பந்தம் கையெழுத்தானது 1957-ல், ரோமில். கொர்ராதி அதே ஊரிலிருந்து நியூயார்க் புறப்பட்ட வருஷம்.) அப்படியென்றால் பல்கலைக்கழகப் படிப்பும் ஒருவகைத் தொழிற்பயிற்சிதான் என்று ஐரோப்பிய ஆணையம் வாதாடியது. உறுப்பு நாடுகள் இழுத்தடித்தன. பணத்தைக் கடுமையாக வெட்டியபோது ஆணையம் ஒரு கட்டத்தில் தன் திட்டத்தையே திரும்பப் பெற்றுக்கொண்டது. அப்போது ஃபிராங்க் பியாங்கெரி என்ற இருபத்தைந்து வயதுகாரர், மாணவர் அமைப்பு ஒன்றின் தலைவர், பிரெஞ்சு ஜனாதிபதி மித்தெரானை நேரில் சந்தித்து ஆதரவு கேட்டதும் இந்த வரலாற்றில் உண்டு.

கடைசியில் 1987 ஜூன் 15-ம் தேதி திட்டம் நிறைவேறியது. மூன்று வருஷத்துக்கு 85 மில்லியன் எக்கு (யூரோவுக்கு முந்தைய கணக்குப் பணம்). பெயர் எராஸ்முஸ். ஒரு நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் அந்தப் பெயர் வரும்படி அமைத்தார்கள். நிஜமான எராஸ்முஸ் ராட்டர்டாமைச் சேர்ந்த அறிஞர். பாரிஸில் படித்தார், 1506-ல் இத்தாலியின் தூரினில் டாக்டர் பட்டம் வாங்கினார், கேம்பிரிட்ஜில் பாடம் சொன்னார், 1536-ல் பாசலில் இறந்தார். அந்தக் காலத்தில் அவரிடம் யாரும் டி.சி. கேட்கவில்லை போலிருக்கிறது.

முதல் வருஷம் 11 நாடுகளிலிருந்து போனவர்கள் 3,244 பேர். தீர்மானம் எந்தச் சட்டப்பிரிவில் வரும் என்ற சண்டை ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் 1989 மே மாதம்தான் முடிந்தது. ஆணையம் அந்த வழக்கில் தோற்றது. திட்டத்தில் ஆராய்ச்சியும் கலந்திருப்பதால் 128-வது பிரிவு மட்டும் போதாது என்றார்கள். ஆனால் படிப்பைப் பொறுத்தவரை அந்தப் பிரிவு செல்லும் என்றும் சேர்த்துச் சொன்னதால், தோற்றும் ஜெயித்த மாதிரிதான்.

அதே 1989-ல் வந்த கிரெடிட் முறைதான் கொர்ராதியின் பிரச்சினைக்கு நேரான மருந்து. ஒரு வருஷப் படிப்புக்கு 60 கிரெடிட். எந்த நாட்டில் எடுத்தாலும் அதே கணக்கு. மாணவன் புறப்படும் முன்பே, அங்கே என்னென்ன பாடம், திரும்பி வந்தால் எதற்கு ஈடு என்று இரண்டு கல்லூரிகளும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பரிசோதனையாக ஐந்து பாடங்களில் ஆரம்பித்தார்கள். வணிக மேலாண்மை, வரலாறு, மருத்துவம், வேதியியல், இயந்திரப் பொறியியல். நாணயத்துக்கு மாற்று விகிதம் வைக்கிற மாதிரி படிப்புக்கும் வைத்துவிட்டார்கள். பொது நாணயம் யூரோ வருவதற்குப் பத்து வருஷம் முன்பே இது நடந்துவிட்டது.

இதில் எல்லாம் சுகம் என்று சொல்ல முடியாது. உதவித்தொகை செலவு முழுவதற்கும் போதாது. வீட்டிலிருந்து மேற்கொண்டு பணம் தர முடிந்தவர்களே அதிகம் போனார்கள் என்ற குறை ஆரம்பத்திலிருந்தே உண்டு. கையெழுத்தான ஒப்பந்தம் இருந்தும் திரும்பி வந்தபின் பாடத்தை ஏற்க மறுத்த பேராசிரியர்களும் இருந்தார்கள். 2002-ல் வந்த ஒரு பிரெஞ்சுப் படத்தில் பொருளாதாரம் படிக்கும் மாணவன் பார்சிலோனா போகிறான். ஏழு நாட்டுப் பிள்ளைகள் ஒரே ஃபிளாட்டில் சண்டை போட்டுக்கொள்வதுதான் முக்கால்வாசிப் படம். படிப்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கொர்ராதியைத் திட்டிய ஊழியர் பார்த்திருந்தால், நான் அப்பவே சொன்னேனே என்றிருப்பார்.

2004-ல் எராஸ்முஸ் முண்டுஸ் என்ற பிரிவு தொடங்கியது. அதன் வழியாக இந்திய மாணவர்களும் ஐரோப்பாவுக்கு முதுகலை படிக்கப் போகத் தொடங்கினார்கள். 2013-க்குள் எராஸ்முஸில் போய்வந்த மாணவர்கள் எண்ணிக்கை முப்பது லட்சத்தைத் தாண்டிவிட்டது.

கொர்ராதி பின்னாளில் ரோமிலேயே வேறொரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 2016 மே மாதம், ஐந்தாம் சார்லஸ் பெயரிலான ஐரோப்பியப் பரிசை ஸ்பெயின் மன்னர் கையால் வாங்கினார். இத்தாலியில் அவரை எராஸ்முஸ் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். 2025 அக்டோபரில் ரோமில் இறந்தார், வயது 91.