செயற்கைக்கோள் காட்டிய பாடமும் ஏலமலைப் பிள்ளைகளும்

நம் இல்லங்களில் நெய்ச்சோறு இறக்கும் நாளில் ஏலக்காயின் மணம் தெருமுனை வரை செல்லும். அந்தக் காய் பச்சை நிறம் மாறாமல் எப்படிக் காய்ந்தது என்று வீட்டுப் பிள்ளை கேட்டால், நம்மில் எத்தனை பேர் விடை கூறுவோம்? அன்றாடப் பொருள்களின் இயக்கத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிட இந்நாடு செய்த ஒரு பெருமுயற்சியை இங்கு நினைவுகூர்வது பயனுடையது.

தில்லிப் பள்ளிகளில் 1961ஆம் ஆண்டிலேயே தொலைக்காட்சிப் பாடம் தொடங்கிற்று. ஆயினும் அது தலைநகரத்துப் பிள்ளைகளின் பேறு. கிராமத்துப் பிள்ளையை நாடிச் சென்றது 1975 ஆகஸ்ட் முதல் நாள் தொடங்கிய செயற்கைக்கோள் சோதனையாகும். அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை ஓராண்டுக்கு இரவல் பெற்று, ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்கு நேரடியாகவே நிகழ்ச்சிகளை அனுப்பினர். கம்பிவலையால் ஆன பெரிய குடை போன்ற ஏற்பி பள்ளிக்கூடத்தின் அருகே நின்றது. காலையில் ஒவ்வொரு மொழிக்கும் இருபத்திரண்டரை நிமிடம் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. பம்பாயில் இஸ்ரோவின் படப்பிடிப்புக் கூடத்தில் அறிவியல் நிகழ்ச்சிகள் உருவாயின. பேராசிரியர் யஷ்பால் தலைமையேற்றிருந்த அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம் இம்முயற்சியின் உயிர்நாடியாய் விளங்கியது.

பயன் யாது? நிகழ்ச்சிகளைக் கண்ட பிள்ளைகளிடம் மொழி வளமும் அறியும் ஆவலும் பெருகின. ஆனால் பள்ளியை விட்டு இடையில் நிற்போர் தொகை அதனால் குறையவில்லை. பெட்டி ஆவலைத் தூண்டிற்று. பிள்ளையைப் பள்ளியில் இருத்தும் வலிமை அதற்கு இல்லை. 1976 ஜூலையோடு சோதனை முடிந்தது; செயற்கைக்கோளும் உரியவரிடம் திரும்பிற்று.

அந்த ஆறு மாநிலங்களில் தமிழகம் இல்லை. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியபோதும் அதன் அலைகள் போடிநாயக்கனூரை எட்டவில்லை. 1980களில் கொடைக்கானல் மலையில் கோபுரம் எழுந்த பின்னரே இப்பகுதியில் படம் தெளிவாய்த் தெரிந்தது.

எனினும், போடிப் பிள்ளைக்குப் பாடம் கண்முன்னேயே இருந்தது. மலையில் பறித்த பச்சை ஏலக்காயைக் கழுவி, ஸ்டோர் எனப்படும் உலர்த்தும் கூடத்தில் பரப்புவர். விறகு எரியும் அடுப்பிலிருந்து குழாய் வழியே வரும் வெப்பம் கூடம் முழுதும் பரவும். வெப்பம் மிகுந்தால் பச்சை போய்விடும். குறைந்தால் காய் பூஞ்சை பிடிக்கும். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோவாகச் சுருங்குகிறது. அந்த நான்கு கிலோ எங்கே போயிற்று என்ற கேள்வியில் ஆவியாதல் பாடம் முழுதும் அடங்கியுள்ளது. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் தொங்கியபடி தேயிலைப் பெட்டிகள் இறங்கின. உருளையும் கம்பியும் அத்தனை சுமையை எவ்வாறு தாங்கின என்று கேட்டால் அதுவும் பாடமே.

ஆனால் ஸ்டோரில் வேலை செய்தவரின் பிள்ளைக்கு இதைப் பாடமாக எடுத்துரைத்தவர் எத்தனை பேர்? விடியுமுன் தாய் ஜீப்பில் மலையேறிவிட, தம்பி தங்கையைக் காக்கும் பொறுப்பு மூத்த பிள்ளையின் தலையில் விழுந்தால், படிப்பு அங்கேயே நின்றுவிடும்.

2019இல் தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி பிறந்தது; 2020இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடியபோது அதுவே வகுப்பறையாயிற்று. நன்றியுடன் ஏற்க வேண்டிய தொண்டு அது. ஆயினும் திரை பேசும். பிள்ளையின் எதிர்க்கேள்வியை அது கேளாது. அக்கேள்வியைக் கேட்கச் செவி கொடுக்க வேண்டியவர் ஆசிரியர். வீட்டில் அத்தாவும் அம்மாவும். ஆகவே நிகழ்ச்சி முடிந்ததும் பெட்டியை அணைத்துவிட்டுப் பிள்ளையிடம், "நீ என்ன கண்டாய்?" என்று கேட்போம். விடை நமக்குத் தெரியாவிடில், தெரிந்தவரிடம் பிள்ளையின் கைபிடித்து அழைத்துச் செல்வோம். அதில் நமக்கு இழுக்கு ஏதும் இல்லை.