பந்திவிசாரணை: உரோமர் விருந்தறையும் கொரிந்து சபையும்

அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தில் வரும் ‘பந்திவிசாரணை’ என்னும் சொல்லை நாம் நன்கறிவோம். அக்காலத்துப் பந்தி எம்முறையில் நடைபெற்றது என்பதை ஆராய்ந்தால், பவுலடியார் கொரிந்து சபையைக் கடிந்துகொண்டதன் காரணமும் விளங்கும்.

உரோமச் செல்வரின் விருந்தறைக்குத் ‘திரிக்கிளினியம்’ என்று பெயர். அங்கு மூன்று பக்கங்களில் மூன்று சாய்மஞ்சங்கள் இடப்பட்டிருக்கும். நான்காம் பக்கம் பணியாளர் வந்து செல்வதற்குத் திறந்திருக்கும். மஞ்சத்திற்கு மூவராக ஒன்பதின்மர் இடமுழங்கையை ஊன்றிச் சாய்ந்து, வலக்கையால் உண்பர். நடுமஞ்சத்தின் கடைசி இடம் தலைமை விருந்தினருக்கு உரியது. அதனையடுத்து, மூன்றாம் மஞ்சத்தின் முதலிடத்தில் வீட்டுத்தலைவர் சாய்ந்திருப்பார். விரல்களால் உண்டமையால் அடிமைகள் கைகழுவ நீரும் துவாலையும் ஏந்தி வருவர். இறைச்சியை அறுத்து வைப்பதற்கென்றே பயின்ற அடிமைகளும் இருந்தனர். கி.பி. 79-இல் எரிமலைச் சீற்றத்தில் புதையுண்ட பொம்பேயி நகரின் விருந்தறைச் சுவரொன்றில், விருந்தினரின் கால்களை அடிமை துடைக்கவேண்டும், பிறன் மனைவியை நோக்கலாகாது, சச்சரவு செய்யலாகாது என்னும் விதிகள் தீட்டப்பட்டுள்ளன.

இத்துணை ஒழுங்கினுள் ஒரு கொடுமையும் குடிகொண்டிருந்தது. தாம் கண்ட ஒரு விருந்தைப்பற்றி, கி.பி. 100-ஐ ஒட்டி, இளைய பிளினி தம் மடலொன்றில் எழுதுகிறார். அவ்வீட்டுத்தலைவர் தமக்கும் சிலருக்கும் உயர்ந்த உணவும், ஏனையோருக்கு மலிவானதும் வைத்தார். திராட்சரசமும் மூன்று தரமாகச் சிறு குப்பிகளில் வந்தது: முதல் தரம் தமக்கும் நெருங்கியோருக்கும், அடுத்தது எளிய நண்பருக்கும், கடைசியானது விடுதலை பெற்ற அடிமைகளுக்கும். பிளினியோ தம் பந்தியில் அனைவருக்கும் ஒன்றையே வைத்தார். ‘செலவு மிகாதோ?’ என்றதற்கு, விடுதலை பெற்றோர் தம்முடைய ரசத்தைப் பருகுவதில்லை, தாமே அவர்களுடையதைப் பருகுவதாக விடையளித்தார்.

1 கொரிந்தியர் 11-ஆம் அதிகாரத்தை இப்பின்னணியில் வாசிக்கவேண்டும். கொரிந்தின் பிளவுக்குச் செல்வர், எளியர் என்ற வேறுபாடே காரணமென 1974-இல் கெர்ட் தைசன் விளக்கினார். விருந்தறையில் சிலரும் முற்றத்தில் பலருமாகச் சபையார் பிரிந்து உண்டிருக்கலாம் என்பது 1983-இல் ஜெரோம் மர்ஃபி-ஓ’கானர் வெளியிட்ட கருத்து. ஒருவன் பசித்திருக்க மற்றொருவன் வெறித்திருந்த அப்பந்தியில், கொரிந்தியர் உலக முறைமையை மீறவில்லை. அதனை அப்படியே கைக்கொண்டனர். அவர்கள் குற்றம் அதுவே.

ஆண்டவரோ பந்தியிலிருந்து எழுந்து, துவாலையைக் கட்டிக்கொண்டு, அடிமையின் பணியைத் தாமே ஏற்றார். ஆகவே யாருக்கு முதலில், யாருக்கு எது என்னும் வினா வெறும் உபசார முறைமை அன்று, அது இறையியல். நம் சபை விருந்துகளின் முதற்பந்தியில் யார் அமர்கின்றனர் என்பதை ஆயர்களாகிய நாம் கவனித்தல் தகும்.