ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல்: 800 பேரில் 6 பேர்... நிலைமையை மாற்றிய 5 மாணவர்கள்!

பெரிய கல்லூரியில் சீட் கிடைச்சா போதுமா? உள்ளே போன பிறகு 'இது நம்ம இடம்'னு தோண வேண்டாமா? அமெரிக்காவின் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் இதற்காகக் களமிறங்கியவர்கள் மாணவர்களே.

என்ன நிலைமை?

1967-ல் அங்கு எம்பிஏ சேர்ந்தவர்கள் சுமார் 800 பேர். அதில் கறுப்பினத்தவர் வெறும் 6 பேர். அந்த 6 பேரில் ஒரே பெண், லிலியன் லிங்கன்.

என்ன செய்தார்கள்?

1968-ல் லிலியன் உள்பட 5 பேர் ஆப்பிரிக்க அமெரிக்க மாணவர் சங்கத்தைத் தொடங்கினர். டீன் ஜார்ஜ் பேக்கரைச் சந்தித்து, கறுப்பின மாணவர்களை அதிகம் சேர்க்க வலியுறுத்தினர். கோரிக்கையோடு நிற்காமல், புதியவர்களைத் தேடிச் சேர்க்கும் வேலையிலும் இறங்கினர்.

பலன் என்ன?

அடுத்த பேட்ச்சிலேயே எண்ணிக்கை 20-ஐத் தாண்டியது. இத்தனைக்கும் சங்கத்தைத் தொடங்கியவர்கள் 1969-லேயே படிப்பை முடித்துவிட்டார்கள். முழுப் பலனும் ஜூனியர்களுக்குத்தான்!

லிலியன் என்ன ஆனார்?

ஹார்வர்டில் எம்பிஏ முடித்த முதல் கறுப்பினப் பெண் இவர்தான். 1976-ல் கட்டடப் பராமரிப்பு நிறுவனம் தொடங்கி, 1,000-க்கும் மேற்பட்டோருக்கு வேலை கொடுத்தார்.

அவரை ஹார்வர்டுக்கு விண்ணப்பிக்கச் சொன்னது யார்?

நெய்லர் ஃபிட்ஸ்ஹ்யூ. 1933-லேயே அங்கு எம்பிஏ முடித்த கறுப்பினத்தவர். ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் லிலியனின் பேராசிரியர். சங்கம் நடத்தும் மாநாட்டுக்கு இப்போது அவர் பெயர்தான். முன்னால் போனவர் கதவைத் திறந்து வைத்தார்; பின்னால் வந்தவர்கள் அதை மூடவிடவில்லை.